பழைய 40 குதிரைவலு யமஹா என்டூரோ: வாங்கலாமா, வாங்கினால் எங்கிருந்து தொடங்குவது?

வல்வை_அலை

வணக்கம். எங்களுடைய ஃபைபர் படகு பதினெட்டரை அடி நீளமானது. அதில் இதுவரை 15 குதிரைவலு இயந்திரம் பூட்டி ஓடுகிறோம். வலையும் ஐஸ் பெட்டியும் மூன்று பேரும் ஏறிவிட்டால், வாடைக்காற்றுக் காலத்தில் அது படகை இழுக்கத் திணறுகிறது.

இப்போது பருத்தித்துறைப் பக்கம் ஒருவரிடம் யமஹா என்டூரோ 40 என்ற, படகின் பின்னால் மாட்டும் இயந்திரம் ஒன்று விலைக்கு இருக்கிறது. தகட்டில் ஈ40எக்ஸ் என்று பொறித்திருக்கிறது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 703 சிசி, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகை. பாதி த்ரொட்டிலுக்கு மேல் போனால் வலு இறங்கிவிடுகிறது என்றும், பிஸ்டன் ரிங் மாற்றினால் சரியாகிவிடும் என்றும் விற்பவர் சொல்கிறார். கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம், பார்த்தபோது மேல் சிலிண்டரில் 85 பிஎஸ்ஐ, கீழ் சிலிண்டரில் 120 பிஎஸ்ஐ காட்டியது. வெளிப்பூச்சு புதிதாக அடிக்கப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் உள்ள ஒன்றை வாங்கிப் பிரித்துச் செய்வது அறிவான காரியமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

முட்டம்_கரை

இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தாலே அந்த என்ஜினைத் திறந்து பார்க்காமல் ஓட்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு வந்திருப்பது அதைவிட மிக அதிகம். ரிங் கரியில் ஒட்டிப்போய் அழுத்தம் இறங்கியிருக்கவும் கூடும் என்பதால் விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிஸ்டனும் சிலிண்டரும் போய்விட்டன என்று வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

பிஸ்டனும் ரிங்கும் சீலும் (கசிவைத் தடுக்கும் வளையம்) தேய்ந்துபோகிற சாமான்கள். அவை கெட்டிருக்கின்றன என்பதற்காக ஒரு மோட்டாரை ஒதுக்க வேண்டியதில்லை. உப்பு தின்ற பிளாக் (சிலிண்டர்கள் உள்ள உடல்), வளைந்த கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் அச்சு), பல் உடைந்த கியர், டிரான்சத்தில் (படகின் பின்பலகையில்) மாட்டும் பிராக்கெட்டில் விரிசல் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆகவே பார்க்கப் போகும்போது என்ஜின் ஓடுகிறதா என்பதில் நேரத்தைச் செலவிடாமல் இந்த நான்கையும் பாருங்கள்.

முதலில், நீங்கள் போய்ச் சேரும்போது மோட்டார் குளிர்ந்திருக்க வேண்டும். கை வைத்தால் பிளாக் சூடாக இருக்கிறது என்றால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தொல்லை இருக்கிறது, அதை உங்கள் கண்ணில் காட்ட அவர் விரும்பவில்லை என்று கொள்ளலாம். அடுத்தது கியர்பெட்டி. முந்தைய நாள் இரவு முழுவதும் மோட்டாரை நிமிர்ந்த நிலையில் நிற்க விடச் சொல்லுங்கள். காலையில் கீழ் எண்ணெய்த் திருகைக் கழற்றிவிடாமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, விரல் நுனியில் முதல் சொட்டைப் பிடித்துப் பாருங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், உள்ளே தண்ணீர் போயிருந்தால் அதுதான் முதலில் வரும். மோரைப் போல வெளுத்த எண்ணெய் வந்தாலும் அதே பொருள்தான். திருகின் காந்த முனையில் மாவு போன்ற இரும்புத் தூள் ஒட்டியிருப்பது சாதாரணம். துண்டு துண்டாக இருந்தால் பல் போய்க்கொண்டிருக்கிறது.

புதுப் பெயின்ட் பற்றிச் சொன்னீர்கள். ஹெட் (சிலிண்டரை மூடும் பகுதி) போல்ட்டுகளின் தலையைக் கூர்ந்து பாருங்கள். ஆறு முனைகளிலும் பெயின்ட் உடையாமல் இருந்தால் பெயின்ட் அடித்த பிறகு யாரும் திறக்கவில்லை. முனைகளில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் அண்மையில் யாரோ திறந்து பார்த்து, உள்ளே கண்டதைப் பார்த்து மூடிவிட்டிருக்கிறார்கள். வரிசை எண் உள்ள தகடு சுரண்டப்படாமல் இருக்க வேண்டும் என்பதையும், மோட்டாரின் தண்டு நீளம் உங்கள் டிரான்சத்துக்கு ஏற்றதா என்பதையும் நான் சொல்லத் தேவையில்லை. 15 அங்குல டிரான்சத்துக்கு 20 அங்குலத் தண்டு மாட்டினால் நடுப்பகுதி தண்ணீரில் தேவைக்கு மேல் முங்கி வேகத்தைத் தின்றுவிடும்.

பாம்பன்_காற்று

நான் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன். பழைய மோட்டாரைப் பிரித்தால் கணக்கு ஒருநாளும் நாம் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. பிஸ்டன், ரிங், கேஸ்கட் என்று தொடங்கி, கழற்றும்போது உடைந்த போல்ட்டுக்குத் துளையிட்டுப் புது மரை வெட்டுவது வரை போகும். உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரில் அலுமினியத்துக்குள் எவர்சில்வர் போல்ட் வெல்டு வைத்ததுபோல் பிடித்திருக்கும். தொழில் நடக்கும் காலத்தில் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தால் அந்த இழப்பையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். ஓய்வுக் காலத்தில் செய்ய முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள்.

மற்றபடி மாடல் தேர்வு சரி. பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். எவின்ரூட் தயாரிப்பை அதன் உரிமையாளரான பிஆர்பி நிறுவனம் 2020இல் நிறுத்திவிட்டது. நம் கரைகளில் அவற்றுக்கு உதிரி தேடி அலைவதைவிட, எந்தத் துறைமுகக் கடையிலும் சீலும், குளிர்நீர்ப் பம்பின் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரும் கிடைக்கிற 40எக்ஸ் எவ்வளவோ மேல்.

வல்வை_அலை

இருவருக்கும் நன்றி. கியர் எண்ணெயின் முதல் சொட்டு கறுப்பாக, தண்ணீர் இல்லாமல் வந்தது. தகடு ஒழுங்காக இருக்கிறது, பிராக்கெட்டில் விரிசல் இல்லை, 20 அங்குலத் தண்டு எங்கள் படகுக்குப் பொருந்துகிறது. ஹெட் போல்ட்டுகளில் பெயின்ட் உடையவில்லை. விலையைக் கணிசமாகக் குறைத்து வாங்கிவிட்டேன். காற்றுக் காலம் முடியும்வரை பழைய 15 ஓடும், எனவே அவசரம் இல்லை.

ஒரு சந்தேகம். முன்பு வைத்திருந்தவர் பெற்றோலோடு மண்ணெண்ணெயும் கலந்து ஓடியிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது. மேல் சிலிண்டர் பழுதானதற்கு அதுதான் காரணமா?

முட்டம்_கரை

காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். அதே 40இல் மண்ணெண்ணெய்க்கென்றே தயாரிக்கும் வகை தனியாக உண்டு. அதில் அழுத்த விகிதம் குறைவு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரைக்கு வரும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும்படி அணைக்க வேண்டும். பெட்ரோல் வகையில் மண்ணெண்ணெயைக் கலந்தால் அந்த அழுத்தத்தை அது தாங்காமல் காலம் தப்பி வெடிக்கிறது. பிஸ்டன் தலை அடிவாங்குகிறது, ரிங் பள்ளங்களில் கரி சேர்கிறது. உங்கள் இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, இப்படிக் கலப்பதால் மிச்சமாகும் காசும் குறைந்துபோனது.

ஆனால் எரிபொருள்தான் முழுக் காரணம் என்றால் இரண்டு பிஸ்டனும் கெட்டிருக்க வேண்டும். ஒரே கார்புரேட்டர்தான் இரண்டுக்கும் ஊட்டுகிறது. மேல் சிலிண்டர் மட்டும் போயிருக்கிறது என்றால், அதற்கு மட்டும் நேர்ந்தது என்ன என்று கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் போடாதீர்கள். போட்டால் அதுவும் அதே வழியில் போகும். மறுசீரமைப்பு என்று பலர் செய்வது கெட்ட சாமானை எடுத்துப் புதுச் சாமான் வைப்பதோடு நின்றுவிடுகிறது. அது ஏன் கெட்டது என்று யாரும் கேட்பதில்லை.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸே ஒரு பம்பு. எரிபொருளும் காற்றும் எண்ணெயும் அதன் வழியாகத்தான் மேலே போகின்றன. மேல் கிராங்க் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், மேல் சிலிண்டரின் கலவை மட்டும் வறண்டு சூடேறும். கீழ் சீல் கசிந்தால் கீழ் சிலிண்டர் கெடும். கிராங்க்கின் மேல்முனையில் உள்ள காந்தச் சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றி அதன் அடியில் எண்ணெய் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளைவீலை அதற்கான இழுப்பானால் மட்டும் எடுங்கள். சுத்தியலால் தட்டினால் காந்தம் கழன்றுவிடும், கிராங்க்கும் கெடும். ஹெட்டைத் திறந்ததும் எதையும் துடைக்காமல் படம் எடுத்து இங்கே போடுங்கள். பிஸ்டனின் கீறல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

வல்வை_அலை

கீழ்ப்பகுதி போல்ட்டுகளில் இரண்டு பிடித்திருந்தன. எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, இறுக்கும் பக்கம் சிறிது அசைத்துப் பிறகு தளர்த்தியதில் உடையாமல் வந்தன.

ஃப்ளைவீலை எடுத்ததும், ஸ்டேற்றர் (மின்சுருள்) தட்டின் அடியில் கறுத்த எண்ணெய்ப் பசை வட்டமாக விசிறியடித்திருந்தது. மேல் கிராங்க் சீலின் உதடு நகத்தால் அழுத்தினாலும் வளையாதபடி இறுகி, ஓரிடத்தில் பிளந்திருந்தது. மேல் பிஸ்டனின் புகை வெளியேறும் பக்கத்தில் அலுமினியம் இழுபட்டு நெடுக்குக் கீறல்கள் இருக்கின்றன. மேல் ரிங் பள்ளத்திலேயே ஒட்டிவிட்டது. கீழ் பிஸ்டனில் கரி தவிர வேறு பழுது இல்லை.

குளிர்நீர்ப் பாதையும் நன்றாக இல்லை. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறக்கும் நீர் வால்வு) பாதி திறந்த நிலையிலேயே உப்புப் படிந்து நின்றுவிட்டது. பம்பின் இம்பெல்லரில் இரண்டு இதழ்கள் இல்லை. ஒன்று செப்புக் குழாயின் வளைவில் அகப்பட்டது. மற்றதைக் காணவில்லை.

முட்டம்_கரை

சீல்தான். புகைப் பக்கம் மட்டும் கீறல் விழுந்திருப்பது கலவை வறண்டு சூடேறியதன் அடையாளம். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இடைவெளி போதாமல் பிடித்திருந்தால் நான்கு மூலைகளிலும் கீறல் இருந்திருக்கும். மண்ணெண்ணெயும் அடைபட்ட தண்ணீரும் அதற்கு உதவி செய்திருக்கின்றன.

காணாமல் போன இதழைக் கண்டுபிடிக்காமல் எதையும் மூடாதீர்கள். அது பிளாக்கின் நீர்ப்பாதைக்குள் போயிருந்தால், தேவைப்படும்போது சரியாக ஒரு துளையில் போய் அடைத்துக்கொள்ளும். ஹெட் மூடி, புகைப்பாதை மூடி இரண்டையும் கழற்றி, ஒவ்வொரு பாதையிலும் கம்பி விட்டுப் பாருங்கள். கட்டியான உப்பை வெறும் காடியில் ஊறவைத்துக் கரைக்கலாம். கடுமையான அமிலம் அலுமினியத்தைத் தின்றுவிடும். தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. பாத்திரத்தில் தண்ணீரோடு சூடாக்கினால் 50 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். சிலர் இதைக் கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். குளிர்ந்தே ஓடும் என்ஜினில் எரிபொருள் சரியாக எரியாமல் கரி கூடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

லேத்_தூத்துக்குடி

சிலிண்டர் வேலை எனக்குத் தெரிந்தது என்பதால் அதை மட்டும் சொல்கிறேன். இந்த மோட்டாரின் சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 70 மில்லிமீட்டர். 0.25, 0.50 மில்லிமீட்டர் என இரண்டு மிகையளவுப் பிஸ்டன்கள் கிடைக்கும். சிலிண்டரை மேல், நடு, கீழ் மூன்று இடங்களிலும், ஒவ்வொரு இடத்திலும் குறுக்காக இரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும். ஒட்டியிருக்கும் அலுமினியத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரும்பு உறைமேல் மட்டும் படும்படி பஞ்சில் சிறிது உப்பு அமிலம் தொட்டுத் தடவினால் அலுமினியம் கரைந்து, அடியில் உண்மையான கீறல் எவ்வளவு என்று தெரியும். நகம் தட்டினால் போர் செய்ய, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க, வேண்டியதுதான்.

பிஸ்டனைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு பிளாக்கைக் கொடுங்கள். நான் பிஸ்டனை அளந்து, அதற்குக் கையேடு சொல்லும் இடைவெளியைச் சேர்த்துத்தான் சிலிண்டரை வெட்டுவேன். டப்பாவில் எழுதியிருக்கும் அளவை நம்பி வெட்டுபவரிடம் கொடுக்காதீர்கள். இன்னொன்றையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். போர் செய்த பிறகு சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களின் விளிம்புகள் கத்தி போல நிற்கும். அவற்றை மெல்லிய கல்லால் மழுக்காவிட்டால் ரிங் அங்கே மாட்டி உடையும். லாரி, டிராக்டர் என்ஜின் மட்டும் பார்த்துப் பழகிய பட்டறைகளில் இந்தப் படி தவறிவிடுகிறது, ஏனென்றால் அவற்றின் சுவரில் துவாரம் இல்லை.

கீழ் சிலிண்டர் அளவுக்குள் இருந்தால் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. கெடாத உலோகத்தை வெட்டி எறிந்தால் அடுத்த முறைக்கு மிச்சம் இருக்காது.

முட்டம்_கரை

இதில் லேத்காரரோடு நான் ஒத்துப்போகவில்லை. ஒன்று 80, ஒன்று 80.25 என்று வைத்தால் ஓடும்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்து வேறொருவர் திறக்கும்போது எந்த ரிங் எதற்கு என்று குழம்புவார். எங்கள் கரையில் இரண்டையும் சேர்த்தே செய்கிறோம். முடிவு உங்களுடையது.

பாம்பன்_காற்று

கிராங்க்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. இது அழுத்திச் சேர்த்த கிராங்க். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. ராடின் மேல்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அந்த ஆட்டம் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் கீழ்முனை பேரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். பேரிங்குகளைக் கழுவி எண்ணெய் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைப்பது போன்ற உணர்வு இருந்தால், அல்லது துருப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிந்தால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் விடாதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய மோட்டாரின் ரப்பர் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அது ஊதவைத்துக் கெடுக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, டாங்கில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்பது. நாம் கலந்த டூடீ (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான) எண்ணெய் மேலே பெட்ரோலோடு இருக்க, மோட்டார் அடியில் உள்ள எண்ணெயில்லாத கலவையை உறிஞ்சும். கலந்த எரிபொருளை டாங்கில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கட்டாயம் மாட்டுங்கள்.

வல்வை_அலை

இரண்டாவது இதழ் புகைப்பாதை மூடிக்குப் பின்னால் கிடைத்தது. கிராங்க் ஆட்டம் அளவுக்குள் இருக்கிறது. சிலிண்டர்கள் இரண்டையும் 0.25 மிகையளவுக்கு வெட்டக் கொடுத்திருக்கிறேன். கீழ் சிலிண்டரும் அளந்து பார்த்ததில் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்ததால் விவாதத்துக்கு இடம் இருக்கவில்லை.

கடையில் சீலுக்கும் ரிங்குக்கும் அசல் ஒரு விலை, நகல் ஒரு விலை சொல்கிறார்கள். பார்சுன் என்ற சீன மோட்டாருக்கு வரும் சாமான்கள் பல இதற்கும் பொருந்தும் என்றும் சொல்கிறார்கள்.

முட்டம்_கரை

பொருந்தும். மூடி, கேபிள், கைப்பிடி, கயிற்றுச் சுருள் போன்றவற்றில் நகல் போட்டு மிச்சம் பிடியுங்கள். சீல், ரிங், பேரிங், இம்பெல்லர் நான்கும் அசலாகவே இருக்கட்டும். ஒரு சீல் கெட்டதால்தான் இவ்வளவு செலவு வந்திருக்கிறது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பிஸ்டன் தலையில் உள்ள ‘அப்’ என்ற குறி ஃப்ளைவீல் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய் பள்ளத்தில் உள்ள சிறு முளையில் உட்கார வேண்டும். தள்ளும்போது சற்றுத் தடை தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். ராடின் மேல்முனை ஊசி உருளைகள் உதிரியாக வரும் என்பதால், கழற்றியபோது எத்தனை இருந்தனவோ அத்தனையையும் எண்ணி, கிரீஸில் ஒட்டவைத்துப் பூட்டுங்கள். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கிளிப்பைப் பழையதாகப் போடாதீர்கள். அது நழுவினால் சிலிண்டர் போயிற்று. கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வின் இதழ்கள் தட்டோடு ஒட்டிப் படிகின்றனவா, ஓரம் உடைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு சுற்றாக, டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குங்கள். மரைகளில் கடல்நீருக்கான கிரீஸ் தடவினால் அடுத்து திறப்பவர் உங்களை வாழ்த்துவார். மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் கட்டியைப் புதிதாக மாற்றுங்கள், அதன்மேல் மட்டும் பெயின்ட் படக் கூடாது.

வல்வை_அலை

பூட்டி முடித்து, பெரிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டோம். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. பக்கவாட்டில் வரும் தண்ணீர்த் தாரை தொடர்ச்சியாக வருகிறது, கையில் பிடித்தால் இளஞ்சூடாக இருக்கிறது. இனி முதல் ஓட்டத்தை எப்படி வைத்துக்கொள்வது?

லேத்_தூத்துக்குடி

யமஹா கையேட்டின் முறையையே வையுங்கள். முதல் பத்து மணி நேரமும் 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். அதன் பிறகு 50க்கு ஒன்று. முதல் பத்து நிமிடம் ஐடிலில். அடுத்த ஐம்பது நிமிடம் பாதி த்ரொட்டிலுக்கு, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்றுக்கு, மேல் போகக் கூடாது. இரண்டாவது மணி நேரத்தில் முக்கால் வரை போகலாம். மீதி எட்டு மணி நேரத்தில் முழு த்ரொட்டிலில் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். சுமை இல்லாமல் பீப்பாயிலேயே ஓட்டி இந்த மணிக்கணக்கை முடிக்கப் பார்க்காதீர்கள். ரிங் படிய வேண்டுமென்றால் படகை இழுக்க வேண்டும்.

வல்வை_அலை

ஓட்டம் முடிந்தது. கொம்ப்ரஷனில் இரண்டு சிலிண்டரும் 125 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்கின்றன. மூன்று பேரும் வலையும் ஏற்றி முழு த்ரொட்டில் கொடுத்தால் டாக்கோமீட்டர் 4200 சுற்றைத் தாண்டவில்லை. இயந்திரத்தில் இன்னும் குறை இருக்கிறதா?

பாம்பன்_காற்று

இயந்திரத்தில் குறை இல்லை, விசிறி (ப்ரொபெல்லர்) பெரிது. இந்த 40 முழுச் சுமையில் 4500 முதல் 5500 சுற்றுக்குள் ஓட வேண்டும். பிட்ச்சை, அதாவது விசிறி ஒரு சுற்றில் முன்னேறும் தூரத்தை, ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும் என்பது பழகிய கணக்கு. இரண்டு அங்குலம் குறைவான விசிறி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிச் சுமையோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு விலைக்கு வாங்குங்கள். கழற்றும்போது தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது உள்ளே இறங்கினால் கியர்பெட்டி சீலை அறுத்துவிடும்.